கருப்பட்டி கிரானோலா: ஓவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

கிரானோலா ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓட்ஸ், கொட்டை, விதை எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெயும் இனிப்பும் விட்டுப் பிசறி, மொறுமொறுவென்று வாட்டி எடுத்தால் முடிந்தது. காலையில் பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடலாம், சாயங்காலம் சும்மாவும் கொறிக்கலாம். கடையில் டப்பாவாக வாங்குபவர்கள் பின்னால் அச்சடித்திருக்கும் சேர்மானப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். பல டப்பாக்களில் ஓட்ஸுக்கு அடுத்த இடத்திலேயே சீனி உட்கார்ந்திருக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓட்ஸைத் தவிர மற்ற எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கடலை, செக்கு நல்லெண்ணெய், கொப்பரை, எள், அப்புறம் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவ்வளவு இருக்கும்போது மேப்பிள் சிரப் தேடி அலைவானேன்? ஆனால் தேன் ஊற்றுகிற மாதிரிக் கருப்பட்டியை நேராகப் போட முடியாது. அதற்கு ஒரு பக்குவம் உண்டு. இந்தச் செய்முறையில் கவனம் வேண்டிய இடமே அதுதான்.

வேண்டியவை

ஓட்ஸ் 300 கிராம். முந்திரி, பூசணி விதை, எள், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை எல்லாம் சேர்த்து 150 கிராம். கொப்பரைத் துருவல் ஒரு கைப்பிடி. கருப்பட்டி 120 கிராம். எண்ணெய் 60 மில்லி. உப்பு அரை டீஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன். சுக்குக் கருப்பட்டி வாங்கியிருந்தால் சுக்குப் பொடி வேண்டாம்.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டில் ‘ரோல்டு ஓட்ஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கஞ்சியாகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம். அது பொடிந்து தூளாகிவிடும். எண்ணெயில் நல்லெண்ணெய் மட்டும் ஊற்றினால் வாசனை தூக்கலாக இருக்கும். பாதி நல்லெண்ணெய், பாதி தேங்காய் எண்ணெய் என்பது என் கணக்கு.

பாகு

கருப்பட்டியைத் தட்டி, 50 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கரையுங்கள். முழுதாகக் கரைந்ததும் வடிகட்டியே ஆக வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சமும், காய்ச்சும் இடத்துத் தூசி மண்ணும் கருப்பட்டியில் கொஞ்சமாவது இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், எதற்குச் சொல்கிறேன் என்று புரியும். அடியில் தங்கிய கடைசி ஒரு ஸ்பூனை ஆசைப்பட்டு வழித்து ஊற்றாதீர்கள்.

வடிகட்டியதை மறுபடி அடுப்பில் ஏற்றிச் சுண்ட விடுங்கள். முதலில் பெரிய குமிழாக வந்து சட்டென்று அடங்கும். கொஞ்ச நேரத்தில் குமிழ் சிறுத்து, மேலெல்லாம் நுரை கட்டும். அப்போது ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, லேசாக ஆறியதும் இரு விரலுக்கு நடுவில் ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி இழுத்தால் போதும், இறக்கிவிடலாம். கடலை மிட்டாய்க்குப் போல உருட்டுப் பதம் வரை போகக் கூடாது. ஓட்ஸில் பரவுவதற்குள் கட்டியாகிவிடும். கம்பி வராமலே இறக்கினால் தண்ணீர் மிஞ்சி ஓட்ஸ் சொதசொதத்துப் போகும், அப்புறம் எவ்வளவு நேரம் வாட்டினாலும் மொறுமொறுப்பு வராது.

இறக்கிய சூட்டிலேயே எண்ணெய், உப்பு, சுக்குப் பொடி சேர்த்துக் கலக்குங்கள்.

பிசறி வாட்டுதல்

அகலமான பாத்திரத்தில் ஓட்ஸ், முந்திரி, விதைகளைப் போட்டுப் பாகைச் சூடாகவே ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கையை விட்டுவிடாதீர்கள், பாகின் சூடு பொல்லாதது. ஓட்ஸ் முழுக்க நிறம் மாறும் வரை விடாமல் பிசறுங்கள். கடலையும் கொப்பரையும் இப்போது வேண்டாம். கடலை ஏற்கெனவே வறுபட்டது, இன்னும் அரை மணி நேரம் சூட்டில் கிடந்தால் கசந்துவிடும்.

ஓவனை 150 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையை ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 15 நிமிடம் கழித்து வெளியே எடுத்து, கடலையும் கொப்பரையும் சேர்த்து ஒரு தடவை புரட்டிவிட்டு, தட்டையான கிண்ணத்தின் அடியால் நன்றாக அழுத்துங்கள். இந்த அழுத்தம்தான் பிறகு கட்டிகட்டியாக உடைந்து வரச் செய்யும். மறுபடி உள்ளே வைத்து இன்னும் 10 நிமிடம். இந்தத் தடவை கிளறக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல். தேன் கிரானோலா பொன்னிறமானால் எடுத்துவிடலாம். கருப்பட்டியோ உள்ளே போகும்போதே கறுப்பு, அதன் நிறத்தை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. முந்திரியைப் பாருங்கள். அது பொன்னிறத்துக்கு வந்துவிட்டால் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போதுதான் இறுகும். முழுதாக ஆறும் வரை தட்டை அசைக்காமல் வைத்துவிட்டு, அப்புறம் கையால் உடைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லையென்றால்

அடிகனமான இரும்புச் சட்டி போதும். ஓட்ஸையும் கொட்டைகளையும் எண்ணெய் விடாமல் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தனியே எடுங்கள். அதே சட்டியில் எண்ணெய் கலந்த பாகை ஊற்றி, பொங்கியதும் வறுத்ததைக் கொட்டி, தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் விடாமல் கிளறித் தட்டில் அழுத்திப் பரப்புங்கள். ஓவனில் வருகிற பெரிய கட்டி வராது. ருசியில் குறை இல்லை.

உங்கள் விருப்பப்படி மாற்ற

தானியம் இரண்டு பங்கு, கொட்டையும் விதையும் ஒரு பங்கு. இந்தக் கணக்கு மாறாமல் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஓட்ஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. 1863-ல் அமெரிக்காவின் டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் இதன் மூதாதையைச் செய்தபோது அதில் இருந்தது முழுக்கோதுமை மாவுதான். சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டதை ராத்திரி முழுக்க ஊறப்போட்டால்தான் மெல்லவே முடியுமாம். ஆகவே பாதி ஓட்ஸுக்குப் பதில் சிவப்பரிசி அவல் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. கெட்டி அவலாகப் பார்த்து வாங்கி, வெறும் சட்டியில் விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை வறுத்துவிட்டுச் சேருங்கள். மெல்லிய அவல் சுருண்டு கருகிவிடும். அண்ணாச்சி கடையில் கம்பு அவல், சோள அவல் கிடைத்தால் அதுவும் நன்றாக இருக்கும்.

உலர்திராட்சை, பேரீச்சை, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் ஆறிய பிறகுதான். சூட்டில் போட்டால் திராட்சை உப்பிக் கல்லாகிவிடும்.

காற்றுப் புகாத சம்படத்தில் போட்டு வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் சமயத்திலும் பாதி அளவு செய்வது நல்லது. நமுத்துப் போனால் 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். திராட்சையை மட்டும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.