பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டுக்கு டைமிங் வைப்பது எப்படி?

பாபநாசம் கோயிலைத் தாண்டி காரையாறுக்கு ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறதா? காலையில் உதைத்தால் கிக்கர் ரிட்டன் அடிக்கிறதா? டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், அட்வான்ஸாக (முன்கூட்டி) போயிருக்கலாம். இழுவையே இல்லை, எஞ்சின் சீக்கிரம் கொதிக்கிறது என்றால் ரிட்டார்டாக (தாமதமாக) இருக்கலாம். இரண்டையும் வீட்டு முற்றத்திலேயே சரி செய்யலாம். நான் சொல்வது பாயிண்டும் (திறக்கும் நொடியில் தீப்பொறியை விழவைக்கும் சுவிட்ச்) கண்டன்சரும் (பாயிண்ட் முகங்கள் கருகாமல் காக்கும் துணைப் பாகம்) உள்ள பழைய 350 புல்லட்டுக்கு. மற்ற வண்டிகளுக்கு அளவு மாறும். அந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

பிஸ்டன் உச்சிக்கு, மெக்கானிக்குகள் சொல்லும் 'டாப்'புக்கு, வந்த பிறகு தீப்பொறி விழுந்தால் நேரம் கடந்துவிடும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து அழுத்தம் ஏற கொஞ்ச நேரம் வேண்டும். அதனால் டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாலேயே பாயிண்ட் திறக்க வேண்டும். வேகம் கூடக் கூட, பாயிண்ட் பொருத்திய பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரிந்து தீப்பொறியை இன்னும் முன்னால் கொண்டு போகும்.

பாளையங்கோட்டையில் எனக்கு வேலை கற்றுத் தந்த அண்ணாச்சி, நான் ஸ்குரூடிரைவரோடு நேராக பிளேட்டுக்குப் போனதைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏல, கேப்ப வைக்காம பிளேட்டத் தொட்டுராத." இந்த வேலையில் பாதி அந்த ஒரு வரிதான். கேப் என்பது பாயிண்ட் முழுசாகத் திறக்கும்போது அதன் இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அது கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸாகும். சுழலும் கேமில் உரசிப் பாயிண்டைத் திறக்கும் ஃபைபர் துண்டு தேய்ந்து கேப் குறைந்தால் டைமிங் ரிட்டார்டாகும். டைமிங் கெட்டுவிட்டது என்று வருகிற வண்டிகளில் கேப்பை வைத்ததுமே சரியாகிப் போனவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் கேப். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, நாலாம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சின் லேசாகச் சுற்றும். பாயிண்ட் முகங்கள் கருத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு என்று ஆகியிருந்தால் பாயிண்டை மாற்றுங்கள், கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள். கேமின் மேடு ஃபைபரை முழுசாகத் தூக்கி நிற்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் லேசான உரசலோடு போய் வர வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன் டாப். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். பிஸ்டன் இன்னொரு முறையும் மேலே வரும், அதில் ஏமாறாதீர்கள். டேப்பட் மூடியைத் திறந்து பார்த்தால் கம்ப்ரஷன் டாப்பில் இரண்டு புஷ்ராடும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) விரலால் சுற்றச் சுலபமாகச் சுற்றும்.

இப்போது 0.8 மில்லிமீட்டரை அளக்க வேண்டும். நுனியை மழுக்கிய சைக்கிள் போக்ஸ் கம்பியை பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் தலையில் நிற்க விடுங்கள். கம்பி மிக உயரத்துக்கு வந்து நிற்கும் இடம் டாப். அங்கே ஃபீலர் கேஜின் 0.40 தகடுகள் இரண்டை (இரண்டு செட் வேண்டும், இல்லையென்றால் கூட்டினால் 0.80 வருகிற தகடுகள்) ஓட்டை விளிம்பில் வைத்து, அவற்றின் மேல் உட்காருகிற மாதிரி கம்பியில் ஒரு கிளிப்பை இறுக்குங்கள். தகடுகளை எடுத்துவிடுங்கள். சக்கரத்தைப் பின்னோக்கி நன்றாகச் சுற்றி, மறுபடி மெதுவாக முன்னோக்கிக் கொண்டு வாருங்கள். செயின், பல்சக்கரத் தளர்ச்சியெல்லாம் இப்படித்தான் போகும். கிளிப் விளிம்பை விட்டு எழும்பத் தொடங்கும் கணம்தான் நமக்கு வேண்டிய இடம். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பியை இரண்டு முறையும் ஒரே சாய்வில் பிடியுங்கள். கம்பி எங்காவது சிக்கினால் சக்கரத்தை உடனே நிறுத்துங்கள்.

பாயிண்ட் திறக்கும் கணத்தைக் காட்ட ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் மீட்டரே போதும். சாவியைப் போடுங்கள், லைட்டெல்லாம் அணைந்திருக்கட்டும். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சற்றுச் சாயும். திறந்த நொடி நடுவுக்கு வந்துவிடும். பேட்டரி இல்லாத நிலையில் சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள்; பிடிவிட்டு நழுவும் கணம் அதுதான். மீட்டரையே நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போய்விடாதீர்கள், காயில் சூடாகிவிடும்.

பிளேட்டைத் தொடும் முன் அது இருக்கும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் தானாகத் திருப்பி இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் அட்வான்ஸ் யூனிட் இறுகியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் டைமிங் வைப்பது வீண். பிறகு இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தி, பிஸ்டன் அந்த இடத்தில் நிற்கையில் முள் நடுவுக்குத் தாவும்வரை பிளேட்டை நகர்த்துங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராக நகர்த்தினால் அட்வான்ஸ், அதே திசையில் நகர்த்தினால் ரிட்டார்ட். ஸ்குரூவை இறுக்கும்போது பிளேட் கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் மீதி தெரியும். ஆடி மாதத்தில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி பக்கம் எதிர்காற்றில் மூன்றாம் கியரில் திராட்டிலைத் திறந்து பாருங்கள். தட்டினால் பிளேட்டை ஒரு மயிரிழை ரிட்டார்ட் பக்கம் விடுங்கள். தட்டாமல், ஆனால் மந்தமாக இழுத்தால் அதே அளவு அட்வான்ஸ். புது பாயிண்ட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டரில் கேப்பை மறுபடி அளந்துவிடுங்கள். ஃபைபர் தேய்ந்து படியும் நேரம் அது.