கம்பிக்குப் பதில் உருண்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வெள்ளிக் கம்பியை அச்சில் இழுத்து மெலிய வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளி நானோகம்பிகளை நான் குடுவைக்குள் வளர்க்கிறேன். சூடான எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் பிவிபி என்ற பாலிமரைக் கலந்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். மூன்று வாரமாக உருண்டைகள்தான் வந்தன.

குடுவையைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி 160 டிகிரி காட்டியது. குடுவைக்குள் வெப்பமானியை விட்டால் 143! அதைச் சரிசெய்தும் பாதிதான் கம்பியாகத் தேறியது.

அப்புறம்தான் குடுவை கழுவிய போர் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதன் உப்பு டீயிலேயே தெரியும்; உப்பென்றால் குளோரைடும் இருக்கும். குளோரைடு கொஞ்சம் வேண்டும்தான்: வெள்ளியைக் குளோரைடாகப் பிடித்துவைத்து மெதுவாக விடுவிக்கும். அவசரமில்லாமல் வளர்ந்தால்தான் கம்பிக்கான விதை உருவாகும். ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி ஐந்து படிகத் துண்டுகள் ஒட்டிய விதை அது. பிவிபி பக்கவாட்டு முகங்களை மூடிக்கொள்ள, வெள்ளி இரு முனைகளில் மட்டும் சேரும். ஆனால் என் குடுவையில் எவ்வளவு குளோரைடு என்று யாருக்குத் தெரியும்?

காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசினேன். காப்பர் குளோரைடை அளந்து துளியாகச் சேர்த்தேன். தாமிரம், விதையை அரிக்கும் ஆக்சிஜனையும் குறைக்கும். கையால் சொட்டு விடுவதை நிறுத்தி, சீரான வேகத்தில் விடும் சிரிஞ்சு பம்புக்கு மாறினேன்.

அன்று மாலை குடுவையைச் சுழற்றியபோது சாம்பல் கரைசலுக்குள் பட்டு நூல் புரள்வது போல மினுக்கம்: கம்பிகள் வந்துவிட்டன.