விதை நொறுங்காமல் பேஷன் ஃப்ரூட் சாறு எடுப்பது எப்படி?

முதலில் பழம். தோல் வழுவழுப்பாக இருப்பதை எடுக்காதீர்கள். லேசாகச் சுருங்கி, கையில் எடுத்தால் கனமாக இருப்பதுதான் பழுத்தது. பழுக்காததைச் சும்மா வைத்தால் தானாகப் பழுக்கும், அவசரப்பட்டுச் சாப்பிட வேண்டாம். பச்சைக் காயில் சயனைடை வெளிவிடும் பொருட்கள் உண்டு. ஊதா நிறப் பழம் இனிப்புத் தூக்கல், மஞ்சள் நிறப் பழம் புளிப்புத் தூக்கல். சாற்றுக்கு என் ஓட்டு மஞ்சளுக்குத்தான்.

இரண்டாக நறுக்கி, உள்ளே இருப்பதை ஸ்பூனால் வழித்தெடுங்கள். ரம்பப் பல் கத்தி இருந்தால் தோல் வழுக்காது.

இனிதான் சங்கடம். ஒவ்வொரு விதையையும் ஒரு சாற்றுப்பை இறுகப் பிடித்திருக்கும். அப்படியே வடிகட்டினால் பாதிச் சாறு சல்லடையிலேயே நின்றுவிடும். சரி, மிக்ஸியில் ஓடவிடலாம் என்றால் விதை நொறுங்கிச் சாறு கசக்கும், கருப்புத் துகள்களும் மிதக்கும். அதனால் ஒரு கிண்ணம் விழுதுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். சர்க்கரை நீரை வெளியே இழுத்துவிடும், பைகள் தளர்ந்துவிடும். அப்புறம் மிக்ஸியில் போட்டு, வேகக் குமிழை விப்பர் பக்கம் (பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடும் பக்கம்) இரண்டு முறை தட்டி விடுங்கள். அவ்வளவுதான், ஓடவிடக் கூடாது. விதைகள் முழுசாக, பளபளவென்று தனியே கழன்று நிற்க வேண்டும்.

வடிகட்ட, கொஞ்சம் பெரிய கண் உள்ள ஸ்டீல் சல்லடைதான் வேண்டும். துணியில் அடைத்துக்கொள்ளும், டீ வடிகட்டி இதற்கு ஆகவே ஆகாது. ஸ்பூனின் முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்குங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், இந்தப் புளிப்பு அதை அரிக்கும்.

சிரப்பாக வேண்டுமென்றால், சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி, ஆறவிட்டுக் கலக்குங்கள். சாற்றையே கொதிக்க வைத்தால் மணம் போய்விடும், வைட்டமின் சியும் குறையும். நாள்பட வைக்க ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைப்பதே எனக்குப் பிடித்த வழி.

சத்துக்காகத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால், வடிகட்டவே வேண்டாம் என்பேன். 100 கிராம் உட்பகுதியில் சுமார் 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, வேறெந்தப் பழத்திலும் எளிதில் கிடைக்காத அளவு. அது பெரும்பாலும் விதையோடு போய்விடும், வடித்த சாற்றில் நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். சுமார் 30 மில்லிகிராம் வைட்டமின் சி, 350 மில்லிகிராம் பொட்டாசியமும் அதே 100 கிராமில் உண்டு. ரப்பர் பாலுக்கு (லேடெக்ஸ்) ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருங்கள், சிலருக்கு இந்தப் பழமும் ஒத்துக்கொள்ளாது.

பின்சேர்க்கை: பாலில் ஊற்றினால் திரிந்துவிடுகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். திரியத்தான் செய்யும், அமிலம் அப்படி. மில்க் ஷேக் ஆசை இருந்தால் பாலுக்குப் பதில் கெட்டித் தயிரில் அடியுங்கள், இல்லையென்றால் வெனிலா ஐஸ்கிரீம் மேல் விதையோடு அப்படியே ஊற்றுங்கள்.