ஃபேன்டஸி நாவலுக்கு ஏற்ற சரக்கு: நெல்லை வெயிலுக்கான செய்முறை

"இந்த நாவலுக்கு இந்த மது" என்று இணையத்தில் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்து எழுதியவை. சிவப்பு ஒயினைச் சூடாக்கி அதில் பட்டை, கிராம்பு போட்டுக் குடி என்பான். சித்திரை மாசம் பாளையங்கோட்டையில், மொட்டை மாடிச் சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்காமல் இருக்கும்போது அதைக் குடித்துப் பாருங்கள், நாவல் எங்கே ஓடும், பனியனைக் கழற்றி வீசத்தான் தோன்றும். அதனால் நம்ம ஊர் வெயிலுக்கும் நம்ம கடையில் கிடைக்கிற சரக்குக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன். 21 வயசு ஆகாத தம்பி, தங்கச்சிகள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள், அங்கே பதநீர் இருக்கிறது.

1. முதலில் புத்தகத்தின் கனத்தைப் பாருங்கள்

பீர் பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். ஒயின் ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும், அதுக்கு மேல் புளிப்பேறிவிடும். ரம், பிராந்தி, விஸ்கி எல்லாம் மாசக்கணக்கில் அலமாரியில் அசையாமல் இருக்கும். ஆக, மூன்று பாகமாக ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடுகிற நாவலுக்கு ஒயின் வாங்குவது தண்டம், பாதிப் புத்தகத்தில் கையில் காடிதான் மிஞ்சும். ஒரே மூச்சில் படிக்கிற சிறுகதைத் தொகுப்புக்குப் பீர், ஒரு வாரக் கதைக்கு ஒயின், தலையணை சைஸ் நாவலுக்கு ரம் அல்லது பிராந்தி.

2. கதைக்குள் அவர்கள் என்ன குடிக்கிறார்கள்?

பென்சிலை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் காட்சி வருகிற இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். 1937இல் வந்த 'ஹாபிட்' நாவலையே எடுத்துக்கொள்வோம், 19 அத்தியாயம்தான், பழகுகிறவர்களுக்கு நல்ல புத்தகம். முதல் அத்தியாயத்திலேயே குள்ளர்கள் கூட்டமாக வீட்டுக்குள் நுழைந்து ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள், மந்திரவாதி கிழவர் கொஞ்சம் சிவப்பு ஒயின் போதும் என்கிறார். நடுவில் கரடியாக மாறுகிற ஒருவன் வீட்டில் தேன் மது. அப்புறம் எல்ஃப் என்கிற காட்டு மாய இனத்து ராஜாவின் நிலவறையில், காவலர் தலைவனும் பாட்டில் பொறுப்பாளனும் உசத்தி ஒயினைக் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில்தான் சாவிக்கொத்து களவு போகிறது, குள்ளர்கள் பீப்பாய்க்குள் ஒளிந்து ஆற்றோடு தப்பிக்கிறார்கள். கதையே ஒயினால்தான் நகர்கிறது, அப்புறம் அதுக்கு விஸ்கி வைப்பது என்ன நியாயம்?

தேன் மது நம்ம பக்கத்துக் கடையில் தேடி அலைய வேண்டாம். ஒரு தேக்கரண்டி மலைத்தேனை வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு (குளிர்ந்த தண்ணீரில் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும்), ஆறியதும் 30 மில்லி பிராந்தி ஊற்றினால் ஏறக்குறைய அந்தக் குணம் வந்துவிடும். வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம், திருச்செந்தூரைப் பாடுகிற அதே திருமுருகாற்றுப்படையில் மலைக் கானவர்கள் மூங்கிலுக்குள் விளைந்த தேன் கள்ளைக் குடித்து ஆடுகிறார்கள்.

கப்பலும் கொள்ளைக்காரனும் வருகிற கதைக்கு யோசிக்கவே வேண்டாம், ரம்தான். பிரிட்டிஷ் கடற்படையில் 1970 வரைக்கும் மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் பவண்டோவில் கலந்து குடிப்பது என் கட்சி. வெளிநாட்டுக் கோலாவுக்கு அந்தத் திராட்சை வாசம் வராது, இதில் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாரில்லை.

3. வானிலை: எல்லாரும் கோட்டை விடுகிற இடம்

கதையில் என்ன குடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். அதை ஏன் குடிக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. பனிமலையில் நடக்கிறவன் உடம்பு சூட்டுக்காகக் குடிக்கிறான், பாலைவனத்தில் வருகிறவன் தொண்டை நனைக்கக் குடிக்கிறான். சரக்கின் பெயரை விட அந்தக் காரணம்தான் முக்கியம். கத்திரி வெயிலில் பனிமலை நாவல் படித்தே தீருவேன் என்றால் குளிர்ந்த பீரோ, எலுமிச்சை பிழிந்து சோடா விட்ட ஜின்னோ வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வருகிற குளிர் அப்போதுதான் கையில் தெரியும். ஐஸைச் சின்னதாக உடைக்காதீர்கள், நம்ம ஊரில் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் தண்ணீராகிவிடும். கிண்ணத்தில் பெரிய கட்டியாக உறைய வையுங்கள்.

இதைவிட நல்ல வழி, புத்தகத்தையே காலம் பார்த்து எடுப்பது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன், தென்காசிப் பக்கம் சாரல், பாளையில் மழை இல்லாவிட்டாலும் காற்றும் மேகமூட்டமும் உண்டு. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, ஆனாலும் அந்தக் காற்று நமக்கும் சேர்த்துத்தான். பனி, டிராகன், குகை எல்லாம் அப்போதைக்கு. அடுத்த வாய்ப்பு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கோடைக்கு மணல்காட்டுக் கதைகள்.

4. சாரல் நாளுக்குக் கருப்பட்டி ரம்

உடன்குடிக் கருப்பட்டி ஒரு எலுமிச்சை அளவு தட்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் சுக்கு, நாலு மிளகோடு கொதிக்க விடுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது, கருப்பட்டியில் இருக்கிற நறநற மண் நழுவி வந்து கடைசி வாயில் பல்லில் அரைபடும், அதுவும் சரியாகக் கதையின் உச்சத்தில்தான் அரைபடும். வடிகட்டின பிறகு பொறுமை வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கிற கஷாயத்தில் ரம்மை விட்டால் ஆவி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும், எழுத்து தெரியாது. டம்ளரை வெறுங்கையில் பிடிக்க முடிகிற சூடு வந்ததும் 30 மில்லி ரம். அடுப்பு எரியும்போது பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

5. அளவு

பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்று வாங்குங்கள், அது இல்லாவிட்டால் இருமல் மருந்து மூடியில் கோடு போட்டிருக்கும், அதுவே போதும். "பீர்தானே" என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத ரம்மில் ஒரு சின்னப் பெக்கில், அதாவது 30 மில்லியில், 13 மில்லிகூட முழுசாக இல்லை. ஒரு பாட்டில் பீர் நாலு பெக். நாற்பது பாத்திரமும் ஏழு ராஜ வம்சமும் வருகிற நாவலில் இரண்டு பெக்குக்கு மேல் போனால் செத்தவன் யார், சாகடித்தவன் யார் என்று குழம்பி, மறுநாள் அதே அத்தியாயத்தைத் திரும்பப் படிக்க வேண்டிவரும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு சின்னப் பெக், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வண்டிச் சாவி வேறு அறையில் இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள வறுத்த கடலை, பொரிகடலை. சாத்தூர் காராச்சேவு எனக்கும் உயிர்தான், ஆனால் அந்த எண்ணெய் விரலோடு பக்கம் புரட்டினால் ஓரத்தில் மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் விழும், எதைப் போட்டாலும் போகாது. வேண்டுமென்றால் கரண்டியால் சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை

"பொங்கல் லீவுக்குத் திட்டம் போட்டேன், கடை மூடியிருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். திருவள்ளுவர் தினம் அண்ணாச்சி. கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியவர் பெயரில் கடை மூடுவது நியாயம்தானே. வள்ளலார் தினம், காந்தி ஜெயந்தி எல்லாம் அப்படித்தான், காலண்டரைப் பார்த்து முன்னாலேயே வாங்கிவையுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

"நம்ம ஊர் ராட்சசன் கதைக்குக் கள்ளு வைக்கலாமா வே?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது, வீட்டில் புளிக்க வைப்பதும் வம்பு. பனைமரம் வேண்டுமென்றால் பதநீர் குடியுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது, ஆனாலும் நாள் முழுக்கத் தாங்காது. காலையிலேயே வாங்கி, பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டு வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடுங்கள். இதுக்குக் காலை நேரத்தில் படிக்கிற புத்தகமாக வேண்டும், வேதாளக் கதை மாதிரிச் சின்னச் சின்னதாக. பட்டையைக் கீழே வைக்க முடியாது, சாய்ந்து கொட்டிவிடும். அதனால் ஒரு கையில் பிடிக்கிற மெல்லிய புத்தகமாகப் பாருங்கள்.