பெங்களூருப் பூங்காவில் ட்ரோன்: வானத்துக்கு ஓர் அனுமதி, தரைக்கு ஓர் அனுமதி

ட்ரோன் வாங்கிய பெங்களூர்த் தமிழர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவுக்கு எடுத்துப்போகலாமா?" என்பதுதான். வேண்டாம். விதான சௌதா, உயர் நீதிமன்றம், ராஜ்பவன் மூன்றும் சூழ்ந்த இடம் அது. பூங்காவும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, லால்பாக்கும் அப்படியே. இரண்டுக்கும் 1975ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நினைத்தவுடன் பெட்டியைத் திறந்து பறக்கவிடும் இடங்கள் அல்ல அவை.

அதற்காக ட்ரோனைப் பரணில் போட வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்புப் பகுதியிலேயே ஒரு பூங்காவில் முறைப்படி அனுமதி வாங்கிப் பறக்கவிட்டிருக்கிறேன். அதற்குச் செய்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ட்ரோனை இயக்கக் கற்றுத்தரும் பதிவு அல்ல இது. அது பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது.

படி 1: எடை போடுங்கள்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்துத்தான் வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு இந்த இரண்டும் போதும்.

பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். விதியில் சொல்லப்படும் எடை, ட்ரோன் சுமக்கும் பொருளையும் சேர்த்தது. இறக்கைக் காப்பு வளையம் மாட்டினாலோ கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரி போட்டாலோ நானோ மைக்ரோவாகிவிடும். பறக்கவிடும் நிலையிலேயே சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். பூங்காவுக்கு நானோதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் 240 கிராமுக்கும் 900 கிராமுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

நானோவுக்கு விமானிச் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோவை வருமானத்துக்கு இல்லாமல் பறக்கவிடுகிறவருக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை.

படி 2: பதிவு

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) இணையதளத்தில் டி-2 என்ற பதிவுப் படிவம் நிரப்பி, 100 ரூபாய் கட்டி, தனி அடையாள எண் பெற வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்களும் 2023 திருத்தத்துக்குப் பிறகு அரசு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு வேலையை முடிக்கலாம். நானோ வைத்திருப்பவர்களும் பதிவு செய்துவிடுங்கள். காவலர் வந்து கேட்டால் காட்ட ஓர் எண் கையில் இருக்க வேண்டும்.

பழைய ட்ரோன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அடையாள எண், ட்ரோனின் வரிசை எண்ணோடு மட்டுமல்லாமல் அதன் பறப்புக் கட்டுப்பாட்டுப் பகுதியோடும் ரிமோட்டோடும் பிணைக்கப்படுகிறது. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ரிமோட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தாலும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விற்பவர் பெயரில் பதிவு இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. அதனால் துபாயிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

படி 3: வரைபடமும் உயரமும்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்ததும் இதுவே.

டிஜிட்டல் ஸ்கை என்பது ட்ரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளம். அதன் வரைபடத்தில் மூன்று நிறங்கள். பச்சையில் வான்வெளி அனுமதி தேவையில்லை. மஞ்சளில் அந்தப் பகுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது.

இவை தரையில் மட்டும் வரைந்த வட்டங்கள் அல்ல. உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். 12 கிலோமீட்டருக்கு அப்பால், வேறு தடை இல்லாத இடத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பச்சை.

பெங்களூரு மற்ற ஊர்களைப் போல் ஒரே விமான நிலையம் உள்ள ஊர் அல்ல. தேவனஹள்ளியில் கெம்பேகௌடா நிலையம், நகரின் கிழக்கே ஹெச்.ஏ.எல். விமான நிலையம், வடக்கே எலஹங்கா விமானப் படைத் தளம், ஜக்கூரில் விமானப் பயிற்சிப் பள்ளியின் ஓடுதளம். வீட்டிலிருந்து தேவனஹள்ளி வெகுதூரம் என்று நிம்மதியாக இருப்பவரின் தலைக்கு மேல் ஹெச்.ஏ.எல். வளையம் இருக்கும். ஜே.பி. நகர், பனசங்கரிப் பக்கம் தூரத்தை அளந்தால் பல இடங்கள் அந்த 8 – 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் வருகின்றன. இறுதி முடிவு வரைபடத்தில் உங்கள் பூங்காவின் மேல் விரலை வைத்தால் என்ன வருகிறதோ அதுதான்.

இனி ட்ரோன் செயலிக்கு வாருங்கள். பல செயலிகளில் அதிகபட்ச உயரம் 120 மீட்டர் என்றே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் இடம் 60 மீட்டர் வளையத்தில் இருந்தால் செயலி உங்களை நிறுத்தாது. பச்சையில் கிளம்பிய ட்ரோன் சத்தமில்லாமல் மஞ்சளுக்குள் ஏறிவிடும். எனவே முதல் வேலையாக அந்த வரம்பை 55 மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். நான் 40ஐத் தாண்டுவதில்லை. பூங்காவைப் படம் எடுக்க அதுவே தாராளம்.

இன்னொன்று: திரையில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பத்து மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து கிளப்பினால் திரை 40 காட்டும்போதே தரையிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் ஆகியிருக்கும். மொட்டை மாடியிலிருந்து பூங்காவுக்கு ட்ரோன் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். வழியில் இருக்கும் வீடுகளின் சன்னல்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

படி 4: தரைக்குச் சொந்தக்காரரிடம் கடிதம்

வரைபடம் பச்சை காட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் போகிறவர்களைத்தான் பூங்கா வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள். காவலாளி செய்வது சரியே. பச்சை என்பது வானத்தைப் பற்றிய பேச்சு. நிற்கும் மண்ணுக்கும் புல்வெளிக்கும் பொறுப்பாளர் வேறு.

குடியிருப்புப் பகுதிப் பூங்காக்கள் முன்பு பெங்களூரு மாநகராட்சியிடம் இருந்தன. 2025 செப்டம்பரில் அது மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. பழைய பெயருக்குக் கடிதம் எழுதினால் மேசை மேசையாகச் சுற்றும். உங்கள் வார்டு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ட்ரோனின் எடை, அடையாள எண், நாள், நேரம், எவ்வளவு உயரம், படம் எதற்கு என்று ஒரே பக்கத்தில் சொல்லி, வரைபடத்தின் அச்சுப் பிரதியை இணையுங்கள். வார நாளின் நடுப்பகலைக் கேளுங்கள். காலை நடைப்பயிற்சி முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாக "சரி, போங்க" என்றவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார்.

படி 5: அன்று காலை

வரைபடத்தை மறுபடி பாருங்கள். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். முக்கியத் தலைவர்கள் வருகையின்போதும் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களிலும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

உடன் ஒருவரை அழைத்துப்போங்கள். நீங்கள் திரையைப் பார்க்கும்போது அவர் வானத்தைப் பார்க்கட்டும். இந்த ஊரில் கரும்பருந்துகள் அதிகம். ட்ரோனை நோக்கிப் பாய்ந்து வரும். பருந்து வட்டமிடுவது தெரிந்தால் உடனே இறக்கிவிடுங்கள். உங்கள் இறக்கை போனால் புதிதாக வாங்கலாம், பறவைக்கு அப்படி இல்லை. கூடு கட்டும் மரங்கள் உள்ள ஏரிக்கரைகளை நான் முழுவதுமாகத் தவிர்க்கிறேன்.

மனிதர்களின் தலைக்கு நேர் மேலே வேண்டாம். கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டவும் வேண்டாம். கவனக்குறைவால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 125ஆம் பிரிவில் வரும் குற்றம். பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது 77ஆம் பிரிவில் வரும். ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் தனி.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை மேலிருந்து எடுக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 2009இல் திறந்த அந்தச் சிலை மேல் நமக்கெல்லாம் உள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் ஏரியை ஒட்டியே ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் மையம் இருக்கிறது, ஹெச்.ஏ.எல். ஓடுதளமும் தொலைவில் இல்லை. கேமராவை முக்காலியில் வைத்துத் தரையிலிருந்து எடுங்கள். காலை வெளிச்சத்தில் அருமையாக வரும்.

ராமநகரத்து ராமதேவர மலை பற்றி ஒருவர் கேட்டார். அது பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். அங்கே ட்ரோனை எடுத்தே போகாதீர்கள்.

"ஓசூர் தமிழ்நாடுதானே, அங்கே தடை இருக்காதே?" என்று இன்னொருவர் கேட்டார். ட்ரோன் விதிகள் மத்திய அரசினுடையவை. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாறிவிடாது. ஓசூர்ப் பக்கமும் விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது, வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். சொந்தக்காரர்களின் தோட்டமோ வயலோ பச்சைப் பகுதியில் இருந்தால், அவர்களைக் கேட்டுக்கொண்டு அங்கே பழகுவதுதான் புதியவர்களுக்கு நல்லது.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: காயம்பட்டவரை முதலில் கவனியுங்கள். பிறகு 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தெரிவிக்க வேண்டும். ட்ரோனின் பறப்புப் பதிவை அழிக்காதீர்கள். எந்த உயரத்தில் பறந்தீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்று அதுதான்.