ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும்? எக்செலில் கணக்குப் போடுவோம்

“பேத்திக்குக் காதணி விழா, ஒரே ஒரு நாள் வராமல் இருந்தால் என்ன சார்?” கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வந்தவர் கேட்டார். தொண்டைப் புற்றுநோய்; 30 நாள் சிகிச்சை, நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு). மருத்துவ இயற்பியலாளராக இதற்கு நான் போடும் கணக்கை நீங்களும் போடலாம். எக்செல் போதும்.

கட்டியின் செல்கள் கதிருக்கு எவ்வளவு எளிதில் சாகும் என்று சொல்லும் இரண்டு எண்களை எழுதுங்கள்: ஆல்ஃபா 0.3, பீட்டா 0.03. ஆல்ஃபாவை ஒரு நாள் அளவான 2-ஆல் பெருக்குங்கள்: 0.6. பீட்டாவை அளவின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 0.12. கூட்டினால் 0.72. ஒரு செல்லுக்குச் சராசரியாக விழும், உயிரைப் போக்கும் அடி இவ்வளவு.

இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சராசரி 0.72 என்றால் 72 சதவீதச் செல்கள் செத்துவிட்டன என்று எழுதிவிடுகிறார்கள். முற்றத்தில் தூறல் விழுவதைப் பாருங்கள்: ஒரு கல்லில் இரண்டு துளி, பக்கத்துக் கல் காய்ந்தே கிடக்கும். அடியே படாத செல்களின் பங்கைத் தருவது, சராசரியிலிருந்து இத்தனை அடி விழும் வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் பரவல்: எக்ஸ்பொனென்ஷியல் சார்பில் மைனஸ் 0.72 கொடுங்கள், 0.487 வரும். முதல் நாள் முடிவில் கிட்டத்தட்டப் பாதி செல்கள் உயிரோடு இருக்கின்றன. நம்பிக்கை வராவிட்டால் பைத்தான் நிரல் மொழியில் பத்தாயிரம் செல்களுக்குப் பாய்சான் எண்களை எடுத்து, பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள்.

30 நாளுக்கு 21.6. அதே சார்பில் மைனஸ் 21.6 கொடுத்து, கட்டியில் உள்ள 100 கோடி செல்களால் பெருக்கினால், சராசரியாக மிஞ்சுவது 0.42 செல். மறுபடி மைனஸ் 0.42 கொடுத்தால், ஒன்றுகூட மிஞ்சாத வாய்ப்பு 66 சதவீதம். இப்போது 30-ஐ 29 ஆக்குங்கள்: 43 சதவீதம்! எல்லாச் செல்லும் ஒன்றுபோல் என்று வைத்ததால்தான் சரிவு இவ்வளவு செங்குத்து. உண்மையில் நோயாளிக்கு நோயாளி மாறுவதால் இது தணியும். இந்தச் சதவீதத்தை அவரிடம் சொல்லாதீர்கள்.

மறுநாள் 4 கிரேயாக ஒரே தடவையில் கொடுத்துவிடலாமா? பீட்டாவை 0.1 ஆக்கினால் தண்டுவடம் போன்ற, தாமதமாகப் பாதிப்பைக் காட்டும் திசுக்களின் கணக்கு கிடைக்கும். இரண்டு நாள் 2 கிரேக்கு 2.0, ஒரே நாள் 4 கிரேக்கு 2.8. அங்கே பாதிப்பு 40 சதவீதம் கூடுகிறது, கட்டியிலோ 17 சதவீதம்தான். வேண்டாம். கடைசியில் ஒரு நாளைக் கூட்டுவதும் முழு ஈடாகாது; தலை, கழுத்துப் புற்றுநோயில் நான்கு வாரத்துக்குப் பிறகு செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று கதிர்வீச்சுச் சிகிச்சை ஆய்வாளர் விதர்ஸின் குழு 1988-இல் காட்டியது. ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை கொடுக்கலாம், அல்லது விடுமுறை நாளில் வரச் சொல்லலாம்.

டாக்டரிடம் தாளைக் காட்டினேன். பெரியவர் விழாவுக்குப் போய்விட்டு, காதில் மஞ்சள் காயாத பேத்தியோடு சனிக்கிழமை காலை வந்து நின்றார்.