தத்தெடுத்த பிள்ளையா? அக்டோபருக்கு முன் பள்ளியில் சொல்லிவிடுங்கள்

இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பிலிருந்து பிள்ளையைத் தத்தெடுத்தவர்கள், செப்டம்பரில் பள்ளி திறந்ததுமே தத்து ஆணையை அலுவலகத்தில் காட்டி, 'பியூபில் பிரீமியம் பிளஸ்' (இந்தப் பிள்ளைகளுக்காக அரசு பள்ளிக்குத் தரும் கூடுதல் நிதி) பதிவைக் கேட்டு வாங்குங்கள். அக்டோபர் முதல் வியாழன் அன்று எடுக்கும் மாணவர் கணக்கெடுப்பை வைத்துத்தான் இந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. 2025–26இல் பிள்ளை ஒன்றுக்கு 2,630 பவுண்டு.

தத்து முடிந்ததும் பிள்ளையின் பெயர் கவுன்சிலின் பராமரிப்புப் பட்டியலில் இருந்து போய்விடும். அதனால் நாம் சொன்னால் ஒழிய பள்ளிக்குத் தெரிய வழியில்லை. ஆணையில் பிள்ளையின் பழைய பெயர், பெற்ற தாய் தந்தையின் பெயர் எல்லாம் இருக்கலாம். அந்த வரிகளின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு காட்டலாம், தவறில்லை. அது பிள்ளையின் சொந்தக் கதை, அலுவலகத்தில் எல்லாரும் படிக்க வேண்டியதில்லை.

பணம் பள்ளிக்குத்தான் போகும், நம் கைக்கு வராது. அப்புறம், இந்தப் பிள்ளைகளுக்கென்று பொறுப்பாசிரியர் ஒருவர் அரசுப் பள்ளிகளில் கட்டாயம் இருக்க வேண்டும். அவரையே நேரில் பார்த்து, என்ன உதவி தேவை என்று பேசுங்கள். குடும்ப மரம் வரையும் பாடம், குழந்தைப் பருவப் படம் கொண்டுவரச் சொல்லும் வீட்டுப்பாடம் வந்தால் முன்கூட்டியே சொல்லும்படியும் கேளுங்கள். என்னைக் கேட்டால், பணத்தைவிட இதுதான் பெரிய உதவி.

தனியார் கட்டணப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஏற்பாடே வேறு. பிள்ளை இன்னும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால் பணம் கவுன்சில் வழியாக வரும், நீங்கள் பதிய வேண்டாம். பள்ளி மாறினால் புதிய பள்ளியிலும் மறக்காமல் சொல்லுங்கள்.